கண்ணாடி போடாத அம்பயர்

பிரைட்டன்,
21 ஏப்ரல் 1974

அன்புள்ள மியூரியல் அக்காவுக்கு,

லயனல் எழுதுவது. நான் இங்கே சுகம். முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடுகிறது. கடலோரத்தில் வீடு பிடித்தவனுக்கு இது வேண்டியதுதான். நீயும் வில்ஃப் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? யார்க்‌ஷயர் குளிர் இன்னும் விடவில்லையா?

பன்னிரண்டாவது நாவலைத் தொடங்கிவிட்டேன். நம் அம்பயர் ஏம்ப்ரோஸ் டாட் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக மறுபடியும் ஒரு பிணத்தின் மேல் தடுக்கி விழப்போகிறார். பதினொரு தடவை தெரியாத்தனமாகக் கொலைகாரனைப் பிடித்த மனிதர், இந்தத் தடவையும் தெரியாத்தனமாகத்தான் பிடிப்பார். துப்பறியத் தெரிந்தவன் துப்பறிந்தால் யாருக்குச் சிரிப்பு வரும்?

தலைப்பைக் கேள்: 'கண்ணாடி போடுய்யா, டாட்!' பதிப்பகத்தில் எல்லோரும் குதிக்கிறார்கள். இதற்கு உங்கள் ஓட்டர்பெக் ஊருக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். ஒவ்வொரு கிரிக்கெட் ஆட்டத்திலும் தேநீர் இடைவேளைக்கு முன்னால் பெஞ்சிலிருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து, அம்பயராக நிற்கும் அத்தானைப் பார்த்து "கண்ணாடி போடுய்யா!" என்று கத்துவார்களே, அவரும் நிதானமாகத் திரும்பித் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்வாரே, அதை எழுதித்தான் இத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறேன். அந்த ஒரு வரிக்காகவே புத்தகம் வாங்குவதாக வாசகர்கள் எழுதுகிறார்கள்.

ஆட்டங்கள் தொடங்கியதும் வழக்கம்போல ஊர்ச் சேதி ஒன்று விடாமல் எழுது. உன் போன கடிதத்தின் அடியில் அத்தான் எழுதும் ஒரு வரியைக் காணோமே, என்மேல் கோபமா?

அன்புத் தம்பி,
லயனல்

ஓட்டர்பெக்,
6 மே 1974

அன்புள்ள லயனலுக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் நலம். குளிருக்குக் குறைவில்லை. முழங்காலுக்குச் சூடான துணி கட்டு, கடற்கரையில் ஐஸ்க்ரீம் வாங்கித் தின்றுகொண்டு நிற்காதே.

அத்தானுக்குக் கோபமெல்லாம் இல்லை. விரல் மூட்டில் வலி, பேனா பிடிக்க முடியவில்லை. வேறொன்றும் இல்லை.

சனிக்கிழமை முதல் ஆட்டம். உனக்குச் சொன்னால் நம்பமாட்டாய், பாதிரியார் ஆல்சப் தானாக அவுட் என்று நடந்து போனார்! பத்துக் கட்டளையையும் தலைகீழாகச் சொல்வார், பந்து மட்டையில் பட்டதை மட்டும் இந்நாள் வரை ஒப்புக்கொண்டதில்லை. கீப்பர் பிடித்தார், ஒருவரும் வாய் திறக்கவில்லை, பாதிரியார் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருடைய மனைவிக்கே மூச்சு நின்றிருக்கும்.

மற்றபடி விசேஷமில்லை. பழைய வெள்ளைக் கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு அடர்நீலத்தில் புதுசு வாங்கினேன். வெள்ளை மேசைவிரிப்பில் பளிச்சென்று இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
மியூரியல்

பிரைட்டன்,
12 மே 1974

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அத்தானின் விரலுக்குக் கடுகுப் பற்றுப் போட்டுப் பார்த்தாயா?

ஆல்சப் நடந்து போனாரா! அக்கா, இதில் ஏதோ விவகாரம் இருக்கிறது. அந்த மனிதரின் ரகசியம் எதுவோ ஒருவன் கையில் சிக்கியிருக்கிறது. "ஒழுங்கா அவுட்டாகு, இல்லைன்னா ஊர்ல சொல்லிடுவேன்" என்று மிரட்டுகிறான். நாவலின் முதல் அத்தியாயம் கிடைத்துவிட்டது! டாட்டுக்கு வழக்கம்போல எதுவும் புரியாது. மைதானத்தில் எல்லோரும் திடீரென்று யோக்கியர்களாகிவிட்டதைப் பார்த்து, "நாட்டுல ஒழுக்கம் திரும்பிருச்சு" என்று சந்தோஷப்படுவார். பக்கத்திலேயே பிணம் கிடக்கும்.

வேறு யாராவது சந்தேகப்படும்படி நடந்துகொள்கிறார்களா? கவனித்து எழுது. அம்மா கொடுத்த கோப்பைகளை எடுத்து வைத்ததைத்தான் பெரிய குற்றமாக நான் நினைக்கிறேன்.

லயனல்

ஓட்டர்பெக்,
16 ஜூன் 1974

அன்புள்ள லயனலுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை அதிகம். நலமாக இருக்கிறோம்.

நீ கேட்டதால் எழுதுகிறேன், இல்லாவிட்டால் நச்சரிப்பாய். அணித்தலைவர் டெஸ்மண்ட், அதுதான் நம் கசாப்புக்கடைக்காரர், ஆட்டத்துக்கு முன்னால் வெளியூர் அணியின் அறைக்குள் பெரிய பழக்கேக்கோடு போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். வெளியே வரும்போது எல்லோரும் கோயிலிலிருந்து வருபவர்களைப் போல வருகிறார்கள். எல்லைக்கோட்டுக் கற்களுக்கு யாரோ வெள்ளையடித்திருக்கிறார்கள். பெவிலியன் படிகளின் ஓரத்திலும் வெள்ளைக் கோடு. அவ்வளவுதான் சேதி. இதில் மிரட்டலும் கிடையாது, பிணமும் கிடையாது.

சாயங்காலம் அத்தானுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறேன். முப்பது வருஷம் கழித்து என் குரல் பிடித்திருக்கிறதாம்.

ஒன்று கேட்கவேண்டும். புத்தகத்தின் தலைப்பை மாற்றக்கூடாதா? கண்ணாடி விஷயம் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. வேறு வேடிக்கை உனக்கு வராதா என்ன?

உன் அக்கா,
மியூரியல்

பிரைட்டன்,
22 ஜூன் 1974

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். தலைப்பை மாற்ற முடியாது. பதிப்பகத்தின் பட்டியலில் அச்சாகிவிட்டது, அட்டைப்படம்கூட வரைந்தாயிற்று. மூக்கின்மேலேயே இருக்கும் கண்ணாடியைத் தேடும் அம்பயர். நீ பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

உனக்கு எப்போதிருந்து இந்தத் தயக்கம்? முதல் புத்தகம் வந்தபோது, "எங்க வீட்டுக்காரரை அப்படியே உரிச்சு வச்சிருக்கே"ன்னு நீதானே சொன்னாய். அத்தான்தான் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டம் போட்டு மாட்டினார்.

கேக், வெள்ளையடித்த கற்கள், நடந்து போகும் பாதிரியார்! இது மிரட்டல் இல்லை, பந்தயம். ஊரே சேர்ந்து யாரையோ ஏமாற்றுகிறது. நேரில் வந்து பார்த்தால்தான் முடிச்சு அவிழும். ஆகஸ்ட் கடைசியில் ஹார்த்வெய்ட் அணியோடு ஆட்டம் இருக்குமே, அதற்கு வருகிறேன்.

லயனல்

ஓட்டர்பெக்,
30 ஜூலை 1974

லயனலுக்கு,

எல்லோரும் நலம். ஆகஸ்டில் வரவேண்டாம். உன் அறையின் கூரை ஒழுகுகிறது, படுக்கையெல்லாம் ஈரம். முழங்காலுக்கு ஆகாது. அக்டோபரில் வா, வாத்து சமைக்கிறேன்.

மியூரியல்

பிரைட்டன்,
3 ஆகஸ்ட் 1974

அன்புள்ள அக்கா,

கூரையைப் பற்றிக் கவலைப்படாதே. சாராயக்கடை மாடியில் அறை சொல்லிவிட்டேன். சாப்பாட்டுக்கும் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன், வாத்துக்கு மட்டும் வருவேன். அத்தானிடம் சொல்லாதே, மைதானத்தில் போய் அசத்துகிறேன்.

லயனல்

பிரைட்டன்,
27 ஆகஸ்ட் 1974

அன்புள்ள அக்கா,

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நலமா என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை நான் வந்தபோது ஆட்டம் பாதி நடந்துகொண்டிருந்தது. அத்தான் வெள்ளைக் கோட்டில் வழக்கம்போலக் கம்பீரமாக நின்றார். பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் சரியாகப் பேசவில்லை. நான் பெரிய துப்பறிவாளன் மாதிரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பந்து வீசுபவன் யாரும் கை தூக்கி அவுட் கேட்பதில்லை. பேட்ஸ்மேன்கள் தாங்களாகப் போகிறார்கள். ஹார்த்வெய்ட் அணியின் அந்த முரட்டுப் பையன் ஒருமுறை வாயைத் திறந்து கத்தப் போனான், அவன் தலைவனே ஓடிவந்து வாயைப் பொத்தினான். இதையெல்லாம் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உன் மர மண்டைத் தம்பிக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

தேநீர் நேரம் நெருங்கியது. யாரும் கத்தவில்லை. மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, நாமாவது வழக்கத்தைக் காப்பாற்றுவோம் என்று எழுந்து நின்று, நுரையீரல் கிழிய, "கண்ணாடி போடுய்யா!" என்று கத்தினேன்.

அந்த அமைதியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். டெஸ்மண்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். பாதிரியார் ஆல்சப் என் பக்கத்தில் வந்து, "உட்காரு லயனல், உனக்குப் புண்ணியமாப் போகும்"னு மெல்லச் சொன்னார். நீ சாண்ட்விச் தட்டோடு படியில் நின்றிருந்தாய். என்னைப் பார்த்தாய், உள்ளே போய்விட்டாய். அத்தான் மட்டும் சத்தம் வந்த பக்கம் திரும்பித் தொப்பியைத் தொட்டார். என் பக்கம் திரும்பினாரே தவிர, அவர் முகம் பார்த்தது எனக்கு இரண்டு ஆள் தள்ளி இருந்த மரத்தை.

லீட்ஸ் தாண்டி ரயிலில் வரும்போதுதான் புரிந்தது. நீலக் கோப்பை, வெள்ளைப் படி, செய்தித்தாள், எழுதப்படாத அந்த ஒரு வரி. எல்லாவற்றையும் நீயே என் கையில் கொடுத்திருந்தாய். டாட்கூட இதற்குள் கண்டுபிடித்திருப்பார்.

புத்தகத்தை நிறுத்திவிடும்படி பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன். அத்தானிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீ சொல், செய்கிறேன்.

லயனல்

பிரைட்டன்,
12 செப்டம்பர் 1974

அக்கா,

பதில் இல்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. அத்தான் எப்படி இருக்கிறார் என்று மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் போடு.

லயனல்

ஓட்டர்பெக்,
24 செப்டம்பர் 1974

லயனலுக்கு,

உன்மேல் எனக்கு இருந்த கோபத்தில் எழுத உட்கார்ந்தால் தாள் பொசுங்கியிருக்கும். அதனால்தான் எழுதவில்லை. இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது.

பிப்ரவரியில் அத்தானை அழைத்துக்கொண்டு லீட்ஸ் கண் டாக்டரிடம் போனேன். நேரே பார்த்தால் நடுவில் ஒரே மங்கல், ஓரத்தில் மட்டும் தெரிகிறது. எந்தக் கண்ணாடியும் இதற்கு உதவாது என்று டாக்டர் சொன்னார். "எந்தக் கண்ணாடியும்" என்று அவர் சொன்னபோது எனக்கு உன் ஞாபகம் வந்தது. அழுகையும் வந்தது. காலமெல்லாம் ரயில்வே சிக்னல் அறையில் உட்கார்ந்து ரயில்களைப் பார்த்துக் கைகாட்டியவர், வீட்டுக்கு வந்து அம்பயர் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு வருஷம் மட்டும் நிக்கிறேன் மியூரியல். யாருக்கும் சொல்லாதே"ன்னார். அவர் அதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

நான் டெஸ்மண்டிடம் மட்டும் சொன்னேன். டெஸ்மண்ட் அணிக்குச் சொன்னார், அணி ஊருக்குச் சொன்னது. வெளியூர்க்காரர்களிடம் கேக்கை நீட்டி, "எங்க அம்பயருக்குக் கண் தெரியலை. அவுட்டுன்னா நீங்களே போயிடணும், மனுஷனைக் கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது. புரியுதா? அப்போ கேக்கை வெட்டு"ன்னு சொல்வாராம். ஒரு அணிகூட மறுக்கவில்லை. அத்தானுக்குத் தெரியாமல் ஒரு ஊரே ஒரு வருஷம் யோக்கியமாக இருந்தது, லயனல். பாதிரியாருக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று உனக்குத் தெரியும்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ எழுத்தாளன். உன்னிடம் சொன்னது எதுவும் புத்தகத்துக்குள் போகாமல் இருந்ததில்லை. தவிர, உனக்கு எழுதும்போது மட்டும் இங்கே எதுவும் மாறவில்லை என்று நானும் கொஞ்ச நேரம் நம்பிக்கொள்ளலாம்.

அன்று வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உன் கடிதங்களைப் படித்துக் காட்ட எனக்கு மனமில்லை. நாளைக்குப் படிக்கலாமா என்று பார்க்கிறேன்.

மியூரியல்

ஓட்டர்பெக்,
6 அக்டோபர் 1974

மச்சான்,

நல்லா இருக்கியா? நான் சொல்லச் சொல்ல உங்க அக்கா எழுதுறா. மாத்தி எழுதக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். பேனா நின்னா காதுல கேக்கும்.

உன் கடுதாசியைப் படிச்சுக் காட்டினா. நீ என்னமோ செத்த வீட்டுக்கு எழுதுற மாதிரி எழுதியிருக்கே. நீயெல்லாம் துப்பறியும் கதை எழுதுற ஆளு! பாதியைத்தான் கண்டுபிடிச்சிருக்கே. மீதியை நான் சொல்றேன், கேளு.

மே மாசம் முதல் ஆட்டத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆல்சப் தானா நடந்து போறாரு. ஸ்டம்பு மூணும் பறந்து கிடந்தப்பவே காத்துல விழுந்துச்சுன்னு சாதிச்ச மனுஷன்! சரி, வயசாச்சு, சொர்க்கத்துக்குப் பயந்துட்டாரு போலன்னு நெனைச்சேன். அப்புறம் டீ நேரம் வந்துச்சு. காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். ஒருத்தனும் கத்தலை.

அவ்வளவுதான், புரிஞ்சுது. கண்ணு நல்லா இருந்தப்ப வாரா வாரம் குருடன்னு திட்டினாங்க. கண்ணு போனதும் வாயை மூடிக்கிட்டாங்க. மச்சான், யாருமே திட்டாத அம்பயர் எதுக்கு? அந்தப் பெஞ்சு அமைதியா இருந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு நானே பொணம் மாதிரி நின்னேன்.

(இதை என்னிடம் அவர் சொல்லவில்லை. இப்போதுதான் கேட்கிறேன். - மி.)

பேனா நின்னு மறுபடி ஓடுது, தானா ஏதோ எழுதுறா. எழுதட்டும்.

சொல்லி முடிச்சிடலாம்னு பல தடவை நெனைச்சேன். டெஸ்மண்ட் மூஞ்சியை நெனைச்சா வாய் வரலை. அத்தனை கேக்கு சுட்டிருக்கா அவன் பொண்டாட்டி! ஊரு எனக்காக நடிக்குது, நான் ஊருக்காக நடிக்கிறேன், உங்க அக்கா நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் நடிக்கிறா. கிரிக்கெட்டை ஆடத்தான் ஆளு இல்லை.

அப்பத்தான் நீ கத்தினே. யாருன்னு தெரியலை, கொரலு மட்டும் வந்துச்சு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. தொப்பியைத் தொட்டேன் பாரு, அந்த வருஷம் பூரா நான் அம்பயரா நின்னது அந்த ஒரு நிமிஷம்தான். இதுக்கு மேல நிக்க வேண்டாம், நல்ல எடத்துல முடிஞ்சுதுன்னு கோட்டைக் கழட்டினேன். யாரும் கழட்ட வைக்கலை, நானே கழட்டினேன். சந்தோஷமாத்தான் கழட்டினேன். வாயைத் திறந்து சொல்லத்தான் கூச்சமா இருந்துச்சு.

புத்தகத்தை நிறுத்தினே, அடுத்த ரயில்ல வந்து உதைப்பேன். தலைப்பு அப்படியே இருக்கணும். டாட்டுக்குக் கண்ணு போகட்டும், பரவாயில்லை. ஆனா திட்டு வாங்காம அவரை விட்டுடாதே.

(வாத்து இருக்கிறது. வா. - மி.)

வில்ஃப்

ஓட்டர்பெக்,
19 மே 1975

அன்புள்ள லயனலுக்கு,

நாங்கள் நலம். முழங்கால் எப்படி இருக்கிறது?

புத்தகம் வந்தது. ஒரு வாரமாகச் சாயங்காலம் படித்துக் காட்டுகிறேன். கூட்டம் கத்தாமல் போன இடத்தில்தான் ஏதோ தப்பு நடந்திருக்கிறதென்று டாட் கண்டுபிடிக்கிற அத்தியாயத்தை மட்டும் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். நான் நடுவில் மூக்கைச் சிந்தினேன். "ஜலதோஷமா?"ன்னு கேட்டார். ஆமாம் என்றேன். இந்த வீட்டில் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஊரில் புது அம்பயர் யார் தெரியுமா? பாதிரியார் ஆல்சப். ஒரு வருஷம் யோக்கியமாக இருந்ததில் அவருக்கு அதிலேயே ருசி வந்துவிட்டதாம். அத்தான் பெஞ்சின் ஓரத்தில் உட்காருகிறார். ஓரக்கண்ணால் பார்ப்பதற்கு அதுதான் வசதி. சனிக்கிழமை தேநீருக்கு முன்னால் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். எழுந்து நின்றார், சட்டைப் பித்தானைப் போட்டார், ஊர் அதிரக் கத்தினார். பாதிரியாருக்குத் தொப்பியைத் தொடத் தெரியவில்லை, கை தூக்கி ஆசீர்வாதம் செய்துவிட்டார். ஒரு பேட்ஸ்மேன் தனக்குத்தான் அவுட் கொடுத்தாரென்று நடந்து போய்விட்டான்.

அத்தானுக்குப் பேனா வேண்டுமாம். தடிமனான கறுப்பு மையில் எழுதுகிறார். வரி மேலும் கீழும் போகும், பொறுத்துப் படி.

உன் அக்கா,
மியூரியல்

மச்சான், பாதிரியாருக்குச் சுத்தமாகக் கண் தெரியவில்லை. வில்ஃப்.